நோயாளரின் ஊழியர், மருத்துவமனையின் நிர்வாகி: புனித கமில்லுஸ்



 யூபிலி என்பது கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கும் காலம். அப்படிப் பார்க்கும்போது நம் மனத்தை நிறைக்கும் காட்சி ஒன்று உண்டு. விசைத்தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு, பீடித்தட்டின் அருகே அமர்ந்து பாடம் படித்து வளர்ந்த நம் சங்கரன்கோவில் பிள்ளைகள் பலர் இன்று செவிலியராகப் பணிபுரிகின்றனர். பாளையங்கோட்டை, மதுரை, சென்னை என்றும், கடல் கடந்து அரபு நாடுகளிலும் அவர்கள் நோயாளரின் கட்டிலருகே நிற்கின்றனர். அவர்கள் அனுப்பிய காணிக்கையும் இந்த யூபிலி விழாவில் கலந்திருக்கிறது.

சென்ற தவக்காலத்தில் அவர்களுள் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். மாலைப் பூசைக்குப் பின் நம்மைப் பார்க்க வந்தவர் முகத்தில் வாட்டம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வார்டில் நின்று வேலை செய்த அவரைச் செவிலியர் கண்காணிப்பாளராக உயர்த்தியிருந்தார்கள். வீட்டார் மகிழ்ந்து கேக் வாங்கி அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். ஆனால் அவருக்கோ நிம்மதியில்லை. நோயாளியைத் தொட்டுத் துடைத்து மருந்து கொடுக்கவே தேவன் தம்மை அழைத்தார் என்று இருந்தவருக்கு, இனிமேல் பணிப்பட்டியலும் இருப்புப் பதிவேடும் சாவிக்கொத்தும்தான் வேலையா என்ற கவலை. நேற்றுவரை உடன் நின்று வேலை செய்த தோழிகளைத் தாமே கண்டிக்க வேண்டிய சங்கடம் வேறு. இந்தப் பதவியை ஏற்பதா, மறுப்பதா சாமி என்று கேட்டு நின்றார்.

அன்று நாம் அவருக்கு ஒரு புனிதரின் கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். செவிலியருக்கு மட்டுமின்றி, பொறுப்பில் அமரும் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் அதையே இங்கு விரிவாக எழுதுகிறோம். அவர்தாம் நோயாளருக்கும் செவிலியருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை நமக்குத் தந்துள்ள புனித கமில்லுஸ் தெ லெல்லிஸ்.

சூதாடிய போர்வீரர்

கமில்லுஸ் 1550-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் இத்தாலி நாட்டின் அப்ருசோ பகுதியில் புக்கியானிகோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை போர்ப்படையில் அதிகாரி. பெரும்பாலும் பாசறையிலேயே காலம் கழித்தவர். தாய் கமில்லா அம்மையார் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு பெற்றெடுத்த பிள்ளை இவர். மார்பில் சிவப்புச் சிலுவை அணிந்த ஒரு சிறுவன், அதே சிலுவையணிந்த பலருக்கு முன்னே நடந்து செல்வதாக அந்தத் தாய் கனவு கண்டார் என்றும், தம் மகன் கொள்ளைக் கூட்டத் தலைவனாகி விடுவானோ என்று அஞ்சினார் என்றும் பாரம்பரியம் கூறுகிறது.

தாயின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளை முரட்டுக் குணமும் முன்கோபமும் கொண்டு வளர்ந்தது. சிறு வயதிலேயே தாயை இழந்த கமில்லுஸ், வாலிபரானதும் தந்தையோடு போருக்குக் கிளம்பினார். வழியிலே தந்தையும் இறந்தார். ஆறடிக்கு மேல் நெடிதுயர்ந்த அந்த வாலிபரிடம் எஞ்சியவை ஒரு வாளும், காலில் ஆறாத ஒரு புண்ணும், சூதாட்ட வெறியுமே. அந்தப் புண் சாகும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவரை விட்டு நீங்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கதை முழுவதும் அந்தப் புண்ணைச் சுற்றியே நடக்கிறது.

1571-இல் புண்ணுக்குச் சிகிச்சை தேடி உரோமைக்குச் சென்று, தீராத நோயாளருக்கென இருந்த புனித யாகப்பர் மருத்துவமனையில் சேர்ந்தார். கையில் பணமில்லாததால் அங்கேயே வேலைக்காரராகவும் இருந்தார். ஆனால் ஓய்ந்த நேரமெல்லாம் சீட்டாட்டம், உடன் வேலை செய்பவரோடு சண்டை. நிர்வாகிகள் பொறுத்துப் பார்த்தும் பயனின்றி, சில மாதங்களிலேயே அவரை வெளியேற்றினார்கள். எந்த மருத்துவமனை அவரைத் துரத்தியதோ அதே மருத்துவமனைக்குப் பின்னாளில் அவரே நிர்வாகியாக வந்தார். இறைவனின் திட்டம் வியப்புக்குரியது அன்றோ?

மீண்டும் படையில் சேர்ந்தார். 1574-இல் நேப்பிள்ஸ் நகரில் பணம், ஆயுதம் எல்லாவற்றையும் சூதில் தோற்று, உடுத்திய சட்டையையும் இழந்தார். பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தவருக்கு மான்பிரடோனியா ஊரில் கப்புச்சின் துறவிகள் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் சித்தாள் வேலை கிடைத்தது. 1575 பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். முந்திய நாள் அந்தச் சபையின் தலைவர் ஒருவர் சொன்ன புத்திமதி அவர் நெஞ்சைக் குடைந்துகொண்டே இருந்தது. கழுதையின்மேல் ஏறி வந்தவர் நடுவழியில் இறங்கி, மண்ணில் மண்டியிட்டு, தம் பாவங்களுக்காக வாய்விட்டு அழுதார். அவர் அன்று புறப்பட்ட ஊர், பின்னாளில் பியோ அடிகளார் வாழ்ந்து புகழ்பெற்ற அதே சான் ஜொவான்னி ரொத்தோந்தோ.

கட்டிலருகே நான்கு ஆண்டுகள்

துறவியாக விரும்பிக் கப்புச்சின் சபையில் நவசந்நியாசியாகச் சேர்ந்தார். துறவு உடையின் விளிம்பு உராய்ந்து காலின் பழைய புண் திறந்துகொண்டது. சபையார் வருத்தத்தோடு அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினர். மறுபடியும் உரோமை. மறுபடியும் அதே புனித யாகப்பர் மருத்துவமனை. ஆனால் இம்முறை வந்தவர் வேறு மனிதர். சுமார் நான்கு ஆண்டுகள் அங்கே நோயாளருக்கு ஊழியம் செய்தார். புண்ணைக் கழுவினார், படுக்கையை மாற்றினார், உணவு ஊட்டினார், இறப்பவர் அருகே விழித்திருந்து செபித்தார். புண் ஆறியதும் திரும்பவும் கப்புச்சின் சபைக்குப் போனார். திரும்பவும் புண் திறந்தது. இரண்டாம் முறை மடத்தின் கதவு மூடியபோதுதான் தம் இடம் எது என்பது அவருக்குப் புரிந்தது.

அக்கால மருத்துவமனையை இன்றைய நிலையோடு ஒப்பிட முடியாது. செவிலியர் படிப்பு என்று ஒன்று இல்லை. சம்பளத்துக்கு வந்த பணியாளருள் வேறு வேலை கிடைக்காதவர்களே மிகுதி. தண்டனை பெற்றவர்களையும் இந்த வேலைக்கு அமர்த்தியதுண்டு. நோயாளி தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராதவர்கள் இருந்தார்கள். உயிர் முழுதும் பிரியுமுன்பே சடலம் என்று எடுத்துச் சென்ற கொடுமையும் நடந்தது.

சாவிக்கொத்து கைக்கு வந்தது

1579 அக்டோபரில் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவினர் கமில்லுசை அதன் மேற்பார்வையாளராக நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது 29. நோயாளியாக வந்தவர், வேலைக்காரராகித் துரத்தப்பட்டவர், திருந்தி வந்து ஊழியம் செய்தவர், இப்போது பொறுப்பாளர். பணியாளரை அமர்த்துவதும் கண்காணிப்பதும், உணவுப் பொருளும் துணியும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்கச் செய்வதும், வரவு செலவைக் கவனிப்பதும் அவர் கடமையாயின.

நம் செவிலியச் சகோதரி கலங்கியது போல அவரும் கலங்கியிருக்கக் கூடும். ஆனால் இந்தப் பதவியில் அவருக்கு ஒரு பெரும் துணை இருந்தது. அந்தக் கட்டிலில் தாமே படுத்துக் கிடந்த நினைவே அது. படுக்கை விரிப்பு ஈரமாக இருந்தால் புண்ணுக்கு என்ன ஆகும் என்பதை அவர் காலே அறியும். வேலைக்காரர் செய்யும் தந்திரங்களையும் அவர் அறிவார். அவற்றையெல்லாம் தாமும் செய்தவர்தாமே? ஆகவே எதிர்பாராத வேளைகளில், நள்ளிரவிலும் விடியற்காலையிலும், அவர் வார்டுக்குள் வந்து நிற்பார். தூங்கும் பணியாளரை எழுப்பினார்; சோம்பியவரைக் கண்டித்தார். காற்றும் வெளிச்சமும் உள்ளே வரச் செய்தார். நோய்க்கு ஏற்ற உணவு தரவும், தொற்றுநோயாளரைத் தனியே வைக்கவும் கவனம் எடுத்தார். உயிர் பிரிந்தது போலத் தோன்றினாலும் உடனே முகத்தை மூடாமல், சிறிது நேரம் காத்திருந்து செபிக்க வேண்டும் என்பதைப் பின்னாளில் தம் சபையாருக்கு விதியாகவே வைத்தார்.

ஒரு செவிலியர் தம் இரு கைகளால் ஓர் இரவில் சிலரைத்தான் கவனிக்க முடியும். பொறுப்பில் இருப்பவர் ஒழுங்காகச் செயல்பட்டால் அந்த இரவில் மருத்துவமனை முழுவதும் நலமாக உறங்கும். துவைத்த துணி நேரத்துக்கு வருவதும், கஞ்சி சூடாக வருவதும், இரவுப் பணிக்கு ஆள் இருப்பதும் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துச் செய்த வேலைதான். அந்தக் கணக்கும் நோயாளருக்குச் செய்யும் ஊழியமே.

அதிகாரத்தின் எல்லை

எனினும் மூன்று ஆண்டுகளுக்குள் கமில்லுஸ் வேறோர் உண்மையையும் கண்டுகொண்டார். தாம் நிற்கும்வரை பணியாளர் ஓடியாடி வேலை செய்தனர். தாம் திரும்பியதும் பழைய கதை. சம்பளமும் தண்டனையும் ஒருவரைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தலாம். நோயாளியிடம் கனிவை உண்டாக்க அவற்றால் இயலாது. 1582-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தேவ அன்னை விண்ணேற்புத் திருநாளையொட்டிய ஓர் இரவில் அவருக்கு ஒரு எண்ணம் உதித்தது. கூலிக்காக அல்லாமல் கடவுள்மேல் கொண்ட அன்பினால், தன் ஒரே பிள்ளை நோயுற்றால் தாய் எப்படிக் கவனிப்பாளோ அப்படி நோயாளரைக் கவனிக்கும் ஆட்களின் குழு ஒன்று வேண்டும் என்பதே அது.

பணியாளருள் நல்ல மனமுடையோர் ஐவரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சிறு அறையில் பாடுபட்ட சுரூபம் வைத்துச் செபிக்கத் தொடங்கினார். ஆனால் அவரை நியமித்த நிர்வாகக் குழுவே இதைச் சந்தேகித்தது. மருத்துவமனையைக் கைப்பற்றத் தனிக்கூட்டம் சேர்க்கிறார் என்று பேச்சு எழுந்தது. அந்தச் செப அறையைக் கலைக்கச் சொன்னார்கள். சிலுவையைத் தம் அறைக்கு எடுத்துச் சென்ற கமில்லுஸ் மனமுடைந்து கிடந்தபோது, சிலுவையில் தொங்கிய ஆண்டவரே கைகளை நீட்டி, இது உன் வேலையன்று, என் வேலை என்னும் பொருள்பட அவரைத் தேற்றினார் என்பது அவர் சபையாரின் பாரம்பரியம்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய துன்பமே. கீழே உள்ளவர் கடுமையானவர் என்பார்கள். மேலே உள்ளவர் தன்னிச்சையானவர் என்பார்கள். நல்லவர்களும் மாறுபட்ட கருத்துக் கொள்வர். கமில்லுசின் ஆன்மகுருவான புனித பிலிப் நேரியே, நல்ல பணியை விட்டுவிட்டுப் புதிய முயற்சியில் இறங்க வேண்டாம், அதிகம் படிக்காத உம்மால் ஒரு சபையை நடத்த இயலாது என்னும் கருத்துடையவராக இருந்தார். இரு புனிதரும் இதில் ஒத்துப்போகவில்லை.

கமில்லுஸ் தமது 32-ஆம் வயதில் சிறுவர்களோடு பெஞ்சில் அமர்ந்து இலத்தீன் படித்தார். இயேசு சபையாரின் உரோமைக் கல்லூரியில் பயின்று, 1584 மே மாதம் குருப்பட்டம் பெற்றார். இங்கிலாந்தை விட்டு வந்து உரோமையில் வாழ்ந்த ஆயர் தாமஸ் கோல்டுவெல் அவருக்குப் பட்டம் அளித்தார். அதே ஆண்டு மேற்பார்வையாளர் பதவியைத் துறந்து, தம் தோழர்களோடு பெரிய பரிசுத்த ஆவி மருத்துவமனைக்குச் சென்று, அதிகாரம் எதுவுமின்றி ஊழியம் செய்யத் தொடங்கினார். நோயாளரை எப்படிக் கவனிப்பது என்பதற்கு ஒழுங்குவிதிகளையும் எழுதினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-இல் கிரிமியப் போர்க்காயமுற்றோருக்குப் பணிசெய்யப் புறப்படுவதற்கு 270 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

சிவப்புச் சிலுவையின் படை

1586-இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இந்தக் குழுவுக்கு அங்கீகாரம் அளித்து, உடையில் சிவப்புச் சிலுவை அணியவும் உத்தரவு தந்தார். தாயின் கனவு அன்று விளங்கியது. (1863-இல் தொடங்கிய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம் வேறு வழியில் வந்தது, அது சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றி அமைத்தது.) அதே 1586-இல்தான் நம் முத்துக்குளித்துறையில் அண்டிரிக்கு அடிகளார் புனிதர்களின் சரிதைகளை 'அடியார் வரலாறு' என்று தமிழில் அச்சிட்டார். புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தியவரும் அவரே. உரோமையிலும் நம் கடற்கரையிலும் ஒரே ஆவியானவர் செயல்பட்டார் என்பதை எண்ணி மகிழ்கிறோம்.

1591-இல் பாப்பரசர் 14-ஆம் கிரகோரி இதைத் துறவற சபையாக உயர்த்தினார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றோடு, கொள்ளைநோய்க் காலத்திலும் நோயாளருக்கு ஊழியம் செய்வோம் என்ற நான்காம் வார்த்தைப்பாட்டையும் சபையார் கொடுத்தனர். நேப்பிள்ஸ் அருகே தொற்றுநோய் கண்டு கரைசேர விடாமல் நிறுத்தி வைத்த கப்பல்களில் ஏறிப் பணிசெய்து அவர்களுள் இருவர் ஏற்கெனவே உயிர்நீத்திருந்தனர். 1598 கிறிஸ்துமஸ் சமயம் தைபர் நதி பெருக்கெடுத்தபோது, சபைத்தலைவரான கமில்லுசே தம் தோழர்களுடன் வெள்ளத்தில் இறங்கி, நோயாளரைத் தோளில் சுமந்து மேல்மாடிக்குக் கொண்டுபோனார். புண்பட்ட கால் அப்போதும் புண்பட்ட காலே.

நாற்காலியிலிருந்து மீண்டும் கட்டிலருகே

புனிதர்களின் குறைகளையும் சொல்வதே நேர்மை. கமில்லுஸ் தேவையைக் கண்ட இடமெல்லாம் இல்லம் திறந்தார். வருமானத்தைக் கணக்கிடவில்லை. கடன் ஏறியது. மிலான் நகரின் பெரிய மருத்துவமனையில் 1594 முதல் துப்புரவு உட்பட எல்லா வேலையையும் சபையே ஏற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்ததைச் சபையில் பலர் எதிர்த்தனர். ஆன்ம உதவி மட்டும் போதும் என்றனர் அவர்கள். இதில் ஓர் உடன்பாட்டுக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. அன்பு மிகுந்தவராயினும், சபையை நிர்வகிப்பதில் அவருக்கு ஓர் எல்லை இருந்தது.

அவருடைய பெருமையெல்லாம் அந்த எல்லையை அவரே ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. 1607-இல் தலைமைப் பதவியைத் தாமாகவே துறந்தார். தாம் தொடங்கிய சபையில் பிறருக்குக் கீழ்ப்படியும் சாதாரண உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 57. பரிசுத்த ஆவி மருத்துவமனைக்குத் திரும்பி, உடல் தளர்ந்த நிலையிலும் கட்டில் கட்டிலாகச் சென்றார். நிற்க முடியாதபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டும் நகர்ந்தார். 1614 ஜூலை 14-ஆம் நாள் உரோமையில் இறைவனடி சேர்ந்தார்.

1746-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1886-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் புனித இறை யோவானோடு அவரை நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக்கினார். 1930-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் இவ்விருவரையும் செவிலியரின் பாதுகாவலராகவும் அறிவித்தார். கமில்லுஸ் சபையார் 1980 முதல் நம் இந்திய நாட்டிலும் பணிபுரிகின்றனர். ஜூலை 14 அவரது திருநாள்.

நமக்குப் பாடம்

அந்தச் சகோதரிக்கு நாம் சொன்னது இதுதான். பதவியை ஏற்றுக்கொள், மகளே. இருபது ஆண்டு கட்டிலருகே நின்ற உனக்குத் தெரிந்தது, நேராக நாற்காலிக்கு வருபவருக்குத் தெரியாது. பணிப்பட்டியல் எழுதும்போது, இரவுப் பணியில் கால் வீங்கி நின்ற உன் பழைய நாள்களை நினைத்துக்கொள். அலமாரியில் துணி இருக்கிறதா என்று பார்க்கும்போது, ஈரப்படுக்கையில் கிடக்கும் நோயாளியை நினைத்துக்கொள். தோழிகளைக் கண்டிக்க வேண்டி வந்தால் தனியே அழைத்துச் சொல், நோயாளிக்காகவே சொல். உன் பேச்சால் மட்டும் கனிவு வந்துவிடாது என்பதையும் அறிந்துகொள். ஆகவே தினமும் ஒரு முறையாவது வார்டுக்குச் சென்று, ஒரு நோயாளியை உன் கையாலேயே கவனி. மற்றவர்கள் அதைப் பார்ப்பார்கள். பதவியை விட வேண்டிய நாள் வந்தால், வருத்தமின்றிச் சாவிகளைக் கொடுத்துவிடு.

அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. கோவிலுக்குள் சென்று வெகுநேரம் முழங்காலில் இருந்துவிட்டுப் போனார். இப்போது அந்தப் பொறுப்பில் இருக்கிறார். காலை ஆறரை மணிக்கு, அலுவலக அறையைத் திறக்குமுன் வார்டுக்குச் சென்று வருவதாக அவர் தாயார் நம்மிடம் சொன்னார்.

பங்குப் பேரவையில், அன்பியத்தில், பள்ளியில், தறிக்கூடத்தில், சொந்த வீட்டில், நம் எல்லாருக்கும் ஏதோ ஒரு சாவிக்கொத்து கிடைத்திருக்கிறது. நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்களா என்று ஆண்டவர் இறுதி நாளில் கேட்கும்போது, நான் அலுவலக வேலையாக இருந்தேன் என்று சொல்லும் நிலை நமக்கு வராதிருப்பதாக. இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கின் செவிலியர், மருத்துவப் பணியாளர், நோயாளர் அனைவரையும் புனித கமில்லுசின் பாதுகாவலில் ஒப்படைக்கிறோம்.

புனித கமில்லுசே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இறையாசியுடன்,
உங்கள் பங்குத்தந்தை